சிறுவாட்டுக் கோழி

வியாழக்கிழமை பொழுது விடிவதற்குள் அய்யலூர் சந்தையில் பாதி வியாபாரம் முடிந்துவிடும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில், வடமதுரையைத் தாண்டியதும் வருகிற ஊர். ஆட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் பேர்போன சந்தை. வெளியூர் வியாபாரிகள் இருட்டோடு இருட்டாக வண்டியோடு வந்து நிற்பார்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முந்தின வாரம் என்றால் நடக்க வழியிருக்காது. எத்தனை கோடிக்கு ஆடு விற்றது என்று மறுநாள் நாளிதழில் செய்தி வரும்.

அந்தக் கோடிக் கணக்கில் அடங்காத வியாபாரம் ஒன்று சந்தையின் ஓரத்தில் நடக்கும். ஒயர்கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்க்கும் இரண்டு கோழி. கொண்டுவந்தவர் பக்கத்துக் கிராமத்து அம்மா. வியாபாரி தராசைத் தொடுவதற்கு முன்னால் கோழியைக் கையில் தூக்குவார். நெஞ்செலும்பு துருத்துகிறதா, சதை மூடியிருக்கிறதா என்று விரலால் தடவுவார். இரைப்பையை அழுத்திப் பார்ப்பார். எடை காட்டுவதற்காகக் கிளம்பும்போது கம்பும் தண்ணீரும் புகட்டிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வால் இறகை விலக்கி, பின்பக்கம் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு விலை சொல்வார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கோழியை வாங்கித் திரும்பக் கூடைக்குள் வைப்பார். விலை ஐம்பது ரூபாய் ஏறும்.

அந்தக் காசு வீட்டு வரவில் சேராது. பால் காசுக்கும் நெல் காசுக்கும் நூறுநாள் வேலைச் சம்பளத்துக்கும் கணக்குக் கேட்க ஆள் உண்டு. கோழிக் காசு முந்தானை முடிச்சுக்குள் போகும், சிறுவாடாகச் சேரும். பேத்திக்கு வெள்ளிக் கொலுசு, மாதச் சீட்டு, திடீரென்று வருகிற காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். மாடு ஆம்பளை சொத்து, கோழி பொம்பளை சொத்து என்பது இந்தப் பக்கம் எழுதாத சட்டம்.

இன்றைக்கு உயிர்க்கோழியாக எடை போட்டால் நாட்டுக்கோழி, பிராய்லரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விலை போகிறது. வாங்க ஆள் காத்திருக்கிறார்கள். இருந்தும் வேடசந்தூர், சாணார்பட்டி, குஜிலியம்பாறை என்று எந்தப் பக்கம் போனாலும் காதில் விழுவது ஒரே பேச்சு: “முன்ன மாதிரி கோழி வச்சிருக்க முடியலைங்க.” கோழி அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த வீடும் தெருவும்தான் மாறிவிட்டன.

பன்னிரண்டு முட்டையின் கணக்கு

கொல்லைப்புறத்தில் காலங்காலமாகத் திரிவது சிறுவிடை. உருவம் சிறியது, ஓட்டம் அதிகம், எட்டுத் திசையும் கண். பெட்டை ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பொரித்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் அலைந்து, கொத்தி விலக்கிவிட்டு மறுபடி கேற ஆரம்பிக்கும். வருடத்துக்கு அறுபது, எண்பது முட்டை கிடைத்தால் நல்ல கோழி. நாமக்கல் பண்ணைக் கோழி முந்நூறுக்கு மேல் இடும். அதற்கு அடை உட்காரும் புத்தியையே மனிதன் எடுத்துவிட்டான்.

முட்டையிட வந்த கோழி இடம் தேடும். பரண், வைக்கோல்படப்பு, சில சமயம் பக்கத்து வீட்டு விறகுக்கட்டு. முட்டையை எடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். துடைத்து எடுத்தால் அது இடத்தை மாற்றிவிடும். கீரி தின்றிருக்கும் என்று கைவிட்ட கோழி ஒருநாள் காலையில் பத்துக் குஞ்சோடு வாசலில் வந்து நிற்பதும் உண்டு.

அடை வைப்பதற்கென்று ஒரு பழைய கூடை எல்லா வீட்டிலும் இருக்கும். அடியில் மணல், மேலே வைக்கோல், செல் பிடிக்காமலிருக்க நொச்சி இலை. முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, இரண்டு வரமிளகாய். இடி இடித்தால் கரு கலங்கிவிடும், இரும்பு அதைத் தாங்கும் என்பது நம்பிக்கை. ஆதாரம் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொல்வார். அவர் வீட்டு அம்மா அடை வைத்தாலும் ஆணி ஒன்று போட்டுத்தான் வைப்பார். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் உயிர்பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்பு சிலந்திவலையாக ஓடியிருக்கும். தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். இருபத்தோராம் நாள் ஓடு கீறும்.

முட்டை வேண்டும், குஞ்சு வேண்டாம் என்கிற நேரத்தில் அடை கலைப்பதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கோழியின் இறகையே ஒன்று பிடுங்கி அதன் மூக்குத் துளையில் செருகிவிடுவது. கோழி இரண்டு நாள் தலையை உதறிக்கொண்டே திரிந்து அடையை மறந்துவிடும். இதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சமான இடத்தில், வைக்கோல் இல்லாத வெறுந்தரையில் இரண்டு மூன்று நாள் தனியாக விட்டு, தீனியும் தண்ணீரும் வைத்தாலே போதும்.

பன்னிரண்டு வைத்தால் எட்டு, ஒன்பது பொரிக்கும். மூன்று மாதம் கழித்து எண்ணினால் மூன்றோ நான்கோ நிற்கும். மற்றவை எங்கே போயின என்பதில்தான் இந்தக் கட்டுரையின் மிச்சமெல்லாம் இருக்கிறது.

வீட்டில் ஆள் இல்லை

முதல் வாரம் காக்காய். அடுத்து பருந்தும் வல்லூறும். பருந்து மேலே வட்டமடிக்கும்போது தாய்க்கோழி குரலை மாற்றி ஒரு சத்தம் கொடுக்கும். குஞ்சுகள் முள்வேலிக்கடியில் ஒடுங்கிவிடும். வல்லூறு அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. வேப்பமரத்துக்குள் இருந்து தாழப் பறந்து வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். இரவில் கீரி, வெருகு, பாம்பு. சிறுமலை அடிவாரத்து ஊர்களில் மரநாயும் சேர்ந்துகொள்ளும்.

இவையெல்லாம் அந்தக் காலத்திலும் இருந்தவைதான். அப்போது வாசலில் ஆள் இருந்தது. பருந்தைப் பார்த்ததும் “ஏய்… ஏய்…” என்று கத்த ஒரு கிழவி, கல்லெடுத்து எறிய ஒரு பையன், சாயங்காலம் “பா… பா… பா…” என்று கூப்பிட்டுப் பஞ்சாரத்தில் கவிழ்க்க ஒரு பெண். இப்போது வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளின் வேன் ஊர் ஊராக வந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. மிச்சமிருக்கிறவர்கள் நூறுநாள் வேலைக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில். காலை எட்டு மணிக்கு மேல் கிராமத்தில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. கோழிக்குச் சம்பளம் இல்லாமல் காவல் நின்ற ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நாய் விஷயம் தனி. பருந்து ஒரு குஞ்சைத் தூக்கும். தெருநாய்க் கூட்டம் ஒரே பகலில் தாயையும் குஞ்சையும் முடித்துவிடும். ஊரோரக் கறிக்கடைக் கழிவைத் தின்று ருசி கண்ட நாய்களுக்குத் தெருக்கோழி பெரிய விஷயமில்லை. இரண்டு கால் திருடர்களும் உண்டு, பண்டிகைக்கு முந்தின வாரம் அவர்களுக்குப் பருவகாலம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் கோழிக்கூண்டுக்கும் பூட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும், போடாமல் இழந்தவர்களுக்கு வராது.

குப்பைமேடு போன பிறகு

நாட்டுக்கோழிக்குத் தீவனச் செலவே கிடையாது என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். மாட்டுத்தொழுவமும் குப்பைமேடும் கம்பு, சோளம் அடிக்கிற களமும் இருந்த காலத்தில் அது உண்மை. சாணியைக் கிளறினால் புழு, களத்தோரம் சிந்தின தானியம், அரிசி புடைத்தால் குருணை. வீட்டுக்காரர் கொடுத்தது சாயங்காலம் ஒரு கைப்பிடி மட்டுமே.

ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம், தொப்பம்பட்டிப் பக்கமெல்லாம் மானாவாரியில் கம்பும் சோளமும் இருந்த இடத்தை மக்காச்சோளம் பெருமளவு பிடித்துக்கொண்டது. அந்த மக்காச்சோளம் மூட்டை மூட்டையாகத் தீவன ஆலைக்குப் போய், நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் பிராய்லருக்கும் தீனியாகிறது. விளைந்த ஊர்க் கோழி சிந்தின மணிக்கு அலைகிறது. விதைக்கிற தானியத்தில் மருந்து கலந்திருப்பதால் விதைப்பு நேரத்தில் கோழியைக் காட்டுப்பக்கம் விடவும் பயம்.

வீடும் மாறிவிட்டது. தொகுப்பு வீடோ சொந்த வீடோ, சிமெண்ட் தளம், டைல்ஸ், சுற்றுச்சுவர். கோழி எச்சத்துக்கு டைல்ஸில் இடமில்லை. பேரன் பேத்திகள் வந்தால் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சண்டை இன்னொரு பக்கம். நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகைச் செடியின் வேரடியைக் கிளறியது, வேடசந்தூர்ப் பக்கம் நட்ட சின்ன வெங்காயத்தைப் பறித்துப் போட்டது என்று தொடங்கும் வாக்குவாதம், மருந்து கலந்த அரிசி வரை போயிருக்கிறது. ஒருவர் கோழி இன்னொருவர் குப்பையைக் கிளறுவதை யாரும் குற்றமாக நினைக்காத காலம் ஒன்று இருந்தது. அந்தச் சகிப்பில்தான் கொல்லைப்புறக் கோழி வாழ்ந்தது. எந்தத் திட்டத்தாலும் அதை மானியமாகத் தர முடியாது.

ஆனாலும் சிலர் விடவில்லை. கரையான் பானையை இப்போதும் வைக்கிறார்கள். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத்துண்டு, மட்கிய வைக்கோல் எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்து நிமிர்த்தினால் பானைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கரையான் நெளியும். பஞ்சாரத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் காலி. வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதம் இதில் காசில்லாமல் கிடைத்துவிடுகிறது. ஓரிடத்திலேயே நான்கைந்து நாள் வைத்தால் கரையான் குறையும், இடம் மாற்ற வேண்டும். கோடையில் கரையான் ஆழத்துக்குப் போய்விடும், அப்போது அசோலாவோ கீரையோதான். சித்திரை வெயிலில் மண்சட்டித் தண்ணீரும், நறுக்கிப் போட்ட சின்ன வெங்காயமும் இந்தப் பக்கம் வழக்கம்.

சீக்கு

பருந்துக்கும் நாய்க்கும் கொடுத்தது போக மிச்சமிருப்பதை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போவது சீக்கு. கிராமத்தில் அதற்கு வேறு பேர் வேண்டியதில்லை. “சீக்கு வந்துருச்சு” என்றால் வெள்ளைக்கழிச்சல்தான். ஒரு கோழி இரை எடுக்காமல் இறகைத் தொங்கவிட்டு ஓரமாக நிற்கும். எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றும். அடுத்த நாள் இரண்டு, அதற்கடுத்த நாள் தெருவில் பாதி. பனி விலகி வெயில் ஏறுகிற மாதங்களில் இது அதிகம்.

1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் இந்த நோயைக் கண்டறிந்தார்கள். மறு வருடமே இமயமலையில் குமாவோன் பகுதியின் ராணிக்கேத்தில் கண்டார்கள். இந்தியாவில் நோய்க்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. அதே குமாவோனில் இருக்கும் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான தடுப்பூசி வகையை இந்தியாவில் வளர்ந்த கோழிகளுக்கு இன்றும் போடுகிறார்கள். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்கு வாரம் ஒட்டி இன்னொரு முறை லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைக்கடியில் ஊசி. வந்தபிறகு மருந்தில்லை; வராமல் தடுக்கத்தான் முடியும். நூறு வருடத்தை நெருங்குகிற நோய், எண்பது வருடம் பழகிய தடுப்பூசி. பிறகு ஏன் ஒவ்வொரு வருடமும் தெருத்தெருவாகக் கோழி சாகிறது?

விடை அந்த மருந்துப் புட்டியிலேயே இருக்கிறது. ஒரு புட்டி என்பது நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு. குளிர்பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. ஆயிரம் கோழி வைத்திருக்கிற பண்ணைக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆறு கோழி வைத்திருக்கிற அம்மாவுக்காக யார் ஒரு புட்டியை உடைப்பார்கள்? அவரும் ஆறு கோழியைக் கூடையில் வைத்துப் பஸ் ஏறி ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கால்நடை மருந்தகத்துக்குப் போக முடியாது. நாட்டுக்கோழிக்கு நோய் எதிர்ப்பு அதிகம் என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். சில்லறைச் சளிக்கும் வெயிலுக்கும் அது சரி. வெள்ளைக்கழிச்சல் நாடு, சீமை பார்ப்பதில்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதை யோசிக்காமல் இல்லை. தீனியோடு கலந்து கொடுக்கிற குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியது இந்த ஐந்து கோழி, பத்துக் கோழி வீடுகளை மனதில் வைத்துத்தான். ஊசி வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். திண்டுக்கல்லிலேயே பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் தெருமுனைக் கடையில் காய்ச்சல் மாத்திரை கிடைக்கிற மாதிரி இந்தக் குருணை கிடைக்கிற நாள் வரவில்லை.

சீக்கு வந்த வீட்டில் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுக்கிறார்கள். இதே பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவப் பிரிவும் இந்தக் கலவையைச் சொல்லியிருக்கிறது. ஆரம்பத்தில் கொடுத்தால் கேட்கிறது என்பவர்கள் பலர். தடுப்பூசிக்கு மாற்றாக இதை நம்பியிருப்பது கோழியின் தலையில் கை வைக்கிற வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சீக்கை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதில் சந்தைக்குப் பங்குண்டு, நமக்கும் பங்குண்டு. தெருவில் நாலு கோழி செத்ததும் மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட ஓடுவார்கள். வாங்கினவர் அதைக் கொண்டுபோய் நேராகத் தன் கோழிகளோடு விடுவார். செத்ததைப் புதைக்காமல் குப்பையில் வீசுவார்கள், நாய் இழுத்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் போடும். சந்தையில் வாங்கின கோழியைப் பதினைந்து நாள் தனியாக அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சேர்ப்பது என்கிற ஒரே பழக்கம் எத்தனையோ சாவைத் தடுக்கும்.

சேவலுக்கு மட்டும் பேரும் புகழும்

பெட்டை இப்படிக் கஷ்டப்பட, சேவலின் ஜாதகம் வேறு. பழனி மலைமேல் இருப்பவரின் கொடியில் அது நிற்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள், சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால். வேடசந்தூரைத் தாண்டிக் கரூர் மாவட்டத்துக்குள் நுழைந்தால் பொங்கல் சேவற்கட்டுக்குப் பேர்போன பூலாம்வலசு. திண்டுக்கல் இப்போது கிளிமூக்கு, விசிறிவால் அசில் சேவல்களுக்குப் பெயர் வாங்கியிருக்கிறது. மூக்கு வளைந்து, வால் விரிந்து, கொண்டைப்பூ வகை பார்த்து விலை சொல்கிற அலங்காரச் சேவல்கள். அவற்றுக்கென்றே இங்கே கண்காட்சி நடக்கிறது, லட்சத்தில் விலை பேசப்படுகிறது. பாதாம், பிஸ்தா தின்கிற சேவல்களும் இருக்கின்றன. நல்ல பொழுதுபோக்குதான், இளைஞர்கள் சிலர் அதில் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்த உலகத்துக்கும் ஒயர்கூடையில் வருகிற இரண்டு பெட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாட்டுக்கோழி என்ற பேரில் விற்கிறவை எல்லாம் நாட்டுக்கோழியும் இல்லை. ஓட்டல் பலகையில் ‘நாட்டுக்கோழி’ என்று இருந்தாலும் தட்டில் வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த கிராஸ் கோழி. அதில் தவறொன்றும் இல்லை, அந்தப் பெயரில் அந்த விலை வாங்காத வரைக்கும்.

புள்ளிவிவரம் என் புலம்பலுக்கு எதிராகத்தான் இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க வீட்டுக்கோழிகள் 31 கோடியே 70 லட்சம். 2012-ஐ விட 46 சதவீதம் கூடுதல். பண்ணைக் கோழியையும் சேர்த்து 12 கோடியோடு தமிழ்நாடுதான் முதலிடம். விலை ஏறியதும் வலை அடித்து, கொட்டகை போட்டு, ஐம்பது நூறு என்று நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் எல்லா வட்டாரத்திலும் வந்துவிட்டார்கள். கோழி கூடியிருக்கலாம். தெருவில் திரிகிற கோழிக்கும் அதை வைத்திருக்கிற அம்மாவுக்கும் அதனால் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி.

அரசாங்கத் திட்டங்களும் அந்தப் பக்கமே சாய்கின்றன. 250 கோழிப் பண்ணைத் திட்டத்தில் ஒசூர் அரசுப் பண்ணையிலிருந்து நான்கு வாரக் குஞ்சுகள் இலவசம். கொட்டகைக்கும் கருவிக்கும் நான்கு மாதத் தீவனத்துக்கும் பாதி மானியம், ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆனால் 625 சதுர அடி சொந்த இடம் வேண்டும், மிச்சப் பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். ஏழைப் பெண்களுக்குக் குஞ்சு கொடுக்கும் திட்டங்களும் வந்தன, பல வீடுகளில் உதவின. குஞ்சு கிடைப்பது ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. ஒரு பெட்டை இருந்தால் அதுவே பொரிக்கும். பொரித்ததைக் காப்பாற்றுகிற இடத்தில்தான் ஆள் தேவைப்படுகிறது.

வருடாவருடம் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம், ஊருக்கே வருவார்கள். எத்தனை கோழிக்குப் போடுகிறார்கள் என்பது ஊசி போடுகிறவர் கையில் மட்டும் இல்லை. விடிந்து திறந்துவிட்ட சிறுவிடையைத் துரத்திப் பிடிக்க எந்த ஊழியராலும் முடியாது. வேலிக்குள் ஒன்று, கூரைமேல் ஒன்று என்று சிதறிவிடும். முகாம் எந்த நாள் என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். தெருவே சேர்ந்து ஓர் இடத்தில் கோழிகளைக் கொண்டுவந்தால் ஒரு புட்டி உடைக்கக் கணக்குச் சரியாகிவிடும். முதல் நாள் இரவு பஞ்சாரத்தில் கவிழ்த்தவர்கள் மறுநாள் காலையில் அவர்கள் வருகிற வரைக்கும் திறக்காமல் இருக்க வேண்டும். மில் வேன் ஆறு மணிக்கே வருகிறது என்றால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.